கண்ணா, ரேடியோவா? தள்ளிவைத்த பிளாஷை அடிக்கவைக்கும் வழிகள்

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் பழைய நிக்கோன் டி7200, இரண்டு லென்ஸ், வேறொருவருக்கு உதவியாளாகக் கல்யாண வீடுகளில் ஓடித்திரிந்த இரண்டு வருட அனுபவம். இனித் தனியாக எடுக்கப்போகிறானாம். "அண்ணை, பிளாஷை ஸ்ராண்டில வைச்சு அடிக்கவேணும். ஸ்லேவ் போதுமோ, ரேடியோ வேணுமோ, ரிரிஎல் இல்லாட்டிச் சரிவராதோ?" என்று ஒரே மூச்சில் கேட்டான். ஸ்லேவ் என்றால் வேறொரு பிளாஷின் மின்னலைப் பார்த்துத் தானும் அடிப்பது, ரிரிஎல் என்றால் கமராவே வெளிச்சத்தை அளந்து பிளாஷின் வலுவைத் தீர்மானிப்பது. காசு மட்டுமட்டு, ஒருமுறைதான் வாங்கலாம். அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டுவிட்டார்கள்.

கமராவின் தலையில் இருந்து நேராக அடித்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முகம் தட்டையாகும், நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிந்ததுபோல் மினுங்கும், பொம்பிளையின் நகைகள் எல்லாம் ஒரே வெள்ளைப் பொட்டாகும். இதற்கு வழக்கமான வைத்தியம் பிளாஷைக் கூரைக்குத் திருப்பி அடிப்பது. எங்கள் ஊர் மண்டபங்களில் அது பெரும்பாலும் சரிவராது. கூரை எங்கேயோ உயரத்தில் இருக்கும், அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாகச் சோடனைத் துணி தொங்கும். அங்கே போய்த் திரும்பிவரும் வெளிச்சத்தில் பாதி வழியிலேயே செத்துவிடும், மிச்சம் துணியின் நிறத்தைப் பூசிக்கொண்டு வரும். ஆகவே மணவறைக்கு ஒரு பக்கத்தில் ஏழெட்டு அடி உயரத்தில் ஒரு பிளாஷ், எதிர்ப்பக்கப் பின்மூலையில் இன்னொன்று. இரண்டு போதும். ஆனால் ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும் அந்த ஒரு கணத்தில் இரண்டும் அடிக்கவேண்டும், அதற்கு அவற்றிடம் யார் எப்படிச் சொல்வது என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

கம்பி போட்டுச் சொல்லலாம். ஸ்ரூடியோவுக்குள் நல்லது, பற்றறி தேவையில்லை, ஒருநாளும் ஏமாற்றாது. கல்யாண வீட்டில் பத்தடி வயரை நிலத்தில் போட்டீர்கள் என்றால் முதல் அரை மணித்தியாலத்துக்குள் ஏதோ ஒரு பிள்ளை அதில் தடக்கி விழும், பிளாஷும் சேர்ந்து விழும். கம்பியை இத்தோடு விடுவோம்.

மிச்சம் மூன்று குடும்பங்கள். வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்து அடிக்கும் சாதாரண ஸ்லேவ். வெளிச்சத்தாலேயே, ஆனால் குறியீட்டு மொழியில் பேசும் கம்பனி முறை, நிக்கோனின் சிஎல்எஸ் போல. பிறகு ரேடியோ, அதற்குள்ளேயே வெறுமனே அடி என்று மட்டும் சொல்வது, வலுவையும் கூட்டிக் குறைப்பது, ரிரிஎல்லும் செய்வது என்று மூன்று படி இருக்கிறது.

முதலில் கண். பிளாஷின் உடம்பில் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெளிச்ச உணரி இருக்கும். வேறு ஒரு பிளாஷின் சடுதியான மின்னலைக் கண்டவுடன் அது தானும் அடிக்கும். யொங்நுவோ வைஎன் 560 வகையறா, கொடொக்ஸ் ரிரி 600 போன்றவற்றில் இது எஸ்1, எஸ்2 என்று இரண்டு பெயரில் உள்ளேயே இருக்கிறது. எஸ்1 என்றால் முதல் மின்னலுக்கே அடிக்கும். எஸ்2 என்றால் முதல் மின்னலை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும். ஏன் அப்படி ஒன்று? கமராவில் இருக்கும் பிளாஷ் ரிரிஎல்லில் இருந்தால், வெளிச்சத்தை அளப்பதற்காகப் படம் எடுக்கமுதல் சின்னதாக ஒருதரம் மின்னிப் பார்க்கும். எஸ்1 அந்தச் சோதனை மின்னலிலேயே ஏமாந்து அடித்துவிடும், ஷட்டர் திறக்கும்போது அது காலி. கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து அடித்ததுபோலத்தான் தெரியும், படத்தில் மட்டும் இருட்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் மணிக்கணக்கில் தலையைப் பிய்ப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கமரா பிளாஷை மனுவலில், அதாவது வலுவை நீங்களே வைக்கும் முறையில், போடுங்கள், 1/64 அல்லது 1/128 வலு போதும், ஸ்லேவை எஸ்1 இல் விடுங்கள், முடிந்தது. கமரா பிளாஷில் மனுவல் இல்லையென்றால் எஸ்2, அத்தோடு செங்கண் குறைக்கும் வசதியை நிறுத்திவிடவேண்டும், ஏனென்றால் அது கூடுதலாக மின்னி எஸ்2 இன் கணக்கைக் குழப்பும்.

இந்தக் கண்ணை மட்டமாகப் பேசும் ஆட்கள் கனபேர். எனக்கு அது பிடிக்கும். தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை, எந்தக் கம்பனிக் கமராவோடும் எந்தக் கம்பனிப் பிளாஷும் சேரும், ரேடியோவை விடச் சுணக்கம் குறைவு என்பதால் கமராவின் உச்ச சிங்க் வேகத்தில், அதாவது பிளாஷோடு ஒத்துப்போகும் ஆகக்கூடிய ஷட்டர் வேகமான 1/200 அல்லது 1/250 இல், படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டி விழாது. வெள்ளைச் சுவர் உள்ள அறை என்றால் ஒளி சுவரில் பட்டுத் திரும்பியே கண்ணுக்குப் போய்விடும், நேராகப் பார்க்கவும் தேவையில்லை. வீட்டு விறாந்தையில் குடும்பப் படம், நகைக்கடைக்குப் பொருள் படம், பாஸ்போட் படம் எடுக்கும் சின்ன ஸ்ரூடியோ, இதற்கெல்லாம் ரேடியோவுக்குச் செலவழிப்பது வீண் என்றே சொல்வேன். ஸ்ரூடியோக்களில் நிற்கும் பெரிய லைட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் வயரோ ட்ரிகரோ (பிளாஷை அடிக்கச் சொல்லும் ரேடியோப் பெட்டி) போட்டுவிட்டு, மற்றதெல்லாம் கண்ணால் அடிக்கும்படி விடுவது எத்தனையோ வருட வழக்கம்.

வெளியே வெயிலுக்குள் போனால் கதை மாறும். சுற்றிவர வெளிச்சம் கூட, அதற்குள் உங்கள் சின்ன மின்னலைக் கண் பிரித்தறியவேண்டும். அறைக்குள் பத்துப் பதினைந்து மீற்றருக்கு வேலைசெய்தது சில மீற்றருக்குச் சுருங்கிவிடும், திருப்பிவிடச் சுவரும் இல்லை. பிளாஷின் உடம்பைத் திருப்பி அந்தச் சிவப்புக் கண் கமராவைப் பார்க்கும்படியும், தலை ஆளைப் பார்க்கும்படியும் வைத்தால் கொஞ்சம் தப்பலாம். ஆனால் வெளிச்சத்தை மென்மையாக்கும் குடைக்குள்ளோ சொப்ட்பொக்ஸ் என்ற துணிப் பெட்டிக்குள்ளோ பிளாஷை நுழைத்தீர்கள் என்றால் கண்ணையும் சேர்த்து மூடிவிடுகிறீர்கள்.

இவ்வளவும் சமாளிக்கலாம். கல்யாண வீட்டில் கண்ணைக் கவிழ்ப்பது வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு தாலிகட்டு. என்னுடைய இரண்டு பிளாஷும் எஸ்1 இல், அரை வலுவில், மணவறைக்கு இரு பக்கமும் நிற்கின்றன. பொம்பிளை வீட்டார் என்னைப் பிடித்திருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பங்குக்கு வேறொருவரைப் பிடித்திருந்தார்கள், அது போதாதென்று வெளிநாட்டில் இருந்து வந்த சித்தப்பா ஒருவர் பெரிய கமராவும் பிளாஷுமாக முன்வரிசையில். கெட்டிமேளம் தொடங்கியது. சித்தப்பா அடிக்கிறார், என்னுடைய இரண்டும் அவருக்காக அடிக்கின்றன. மற்றவர் அடிக்கிறார், என்னுடையவை அவருக்கும் அடிக்கின்றன. தாலி ஏறும்போது நான் அமத்துகிறேன், இரண்டும் இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கின்றன. எனக்குக் கிடைத்தது இருட்டான ஒரு மணவறையும் மினுங்கும் இரண்டு நெற்றியும். சித்தப்பாவின் படங்களோ வெளிறிப்போய்விட்டன, யாரோ லைட் அடித்துக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் பிறகு குறைப்பட்டதாகக் கேள்வி. அந்த யாரோ நான்தான்.

கண் ஸ்லேவ் நன்றாகத்தான் பார்க்கிறது, ஆனால் எல்லோரையும் பார்க்கிறது. தன் எசமான் யார் என்று அதற்குத் தெரியாது. கைத்தொலைபேசிகளால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது, அதில் இருப்பது எல்ஈடி, பிளாஷ் குழாய்போல் வெடுக்கென்று மின்னுவதில்லை. ஆனால் இன்னொரு பிளாஷ் உள்ள கமரா அந்த மண்டபத்தில் இருந்தாலே உங்கள் பற்றறியும் நேரமும் அவருடைய கையில். யாழ்ப்பாணத்துக் கல்யாணத்திலோ சாமத்திய வீட்டிலோ இன்னொரு பிளாஷ் இல்லாமல் இருக்குமா? ஆகவே நிகழ்வு எடுப்பவனுக்குக் கண் ஸ்லேவ் முதல் வழியாக இருக்கமுடியாது. இரண்டாம் வழியாக இருக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி கம்பனிகளின் குறியீட்டு முறை. நிக்கோன் 2003 இல் எஸ்பி-800 பிளாஷோடு சிஎல்எஸ் என்பதைக் கொண்டுவந்தது. கமராவின் உடம்பிலேயே இருந்து மேலே எழும்பும் பொப்அப் பிளாஷ், ஷட்டர் திறக்கமுதல் விறுவிறென்று சில தரம் மின்னி, நீ இந்தக் குழு, உன் வலு இவ்வளவு என்று தூரத்துப் பிளாஷுக்குச் சொல்லிவிடும். டி90, டி7000, டி7100, டி7200 எல்லாவற்றிலும் இந்தக் கட்டளை வசதி உள்ளேயே இருக்கிறது. டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. கனனில் 7டி, 60டி, 70டி, 600டி ஆகியவற்றின் பொப்அப் இதே வேலையைச் செய்யும். எங்கள் தம்பியிடம் இருந்தது டி7200, ட்ரிகருக்கு ஒரு சதமும் செலவழிக்காமலேயே அவனால் தொடங்கலாம். எஸ்பி-600, எஸ்பி-700 போன்றவை பழையதாக வாங்கலாம், வேறு கம்பனிகளின் சில பிளாஷ்களும் இந்த மொழியைப் புரிந்துகொள்ளும்.

சித்தப்பாவின் மின்னலுக்கு இது அடிக்காது, குறியீடு வேறு என்பதால். வலுவைக் கமராவில் இருந்தே மாற்றலாம். நல்ல முறைதான், ஆனால் இதுவும் வெளிச்சம்தானே. பிளாஷின் உணரிச் சாளரம் கமராவைப் பார்க்கவேண்டும், முன்பக்கமாகப் பத்து மீற்றர் அளவு, பக்கவாட்டில் சாய்ந்தால் அதிலும் குறைவு, வெயிலில் இன்னும் மோசம். மணவறைக்குப் பின்மூலையில் வைத்த பிளாஷுக்கும் எனக்கும் நடுவில் ஐயர், தோழன், வீடியோக்காரர், தட்டம் ஏந்திய பெண்கள் என்று ஒரு சுவரே எழும்பும். அடுத்தது, அந்த முன்மின்னலுக்குக் கண் வெட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். என்னுடைய அனுபவத்தில் அம்மம்மாக்கள். குழுப் படத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு அம்மம்மா கண்ணை மூடியிருப்பார், வேறொரு அம்மம்மா. இன்னொன்றும் இருக்கிறது, புதிய கண்ணாடியில்லாக் கமராக்கள் பலதில் பொப்அப்பே இல்லை. நாளைக்குக் கமரா உடம்பை மாற்றினால் இந்த இலவசம் போய்விடும். கம்பனிகளே ரேடியோவுக்குப் போய்விட்டன, கனன் 2012 இல் 600இஎக்ஸ்-ஆர்ரி யோடும், நிக்கோன் 2016 இல் எஸ்பி-5000 உடனும். எஸ்பி-5000 வெளிவந்தபோது விலை 600 டொலர் அளவில். அதை இரண்டு வாங்கும் காசுக்கு இங்கே பழைய மோட்டச்சைக்கிள் ஒன்று பார்க்கலாம்.

சரி, ரேடியோ. இதில் கீழ்ப்படியில் இருப்பது வெறும் ட்ரிகர். யொங்நுவோ ஆர்எஃப்-603 ஐ உதாரணத்துக்கு எடுக்கலாம், கமராவில் ஒன்று, ஒவ்வொரு பிளாஷின் காலிலும் ஒன்று. 2.4 கிகாஹேட்ஸில் அடி என்ற ஒரு சொல்லை மட்டும் அனுப்பும். சுவருக்குப் பின்னால் இருந்தாலும், சொப்ட்பொக்ஸுக்குள் இருந்தாலும், வெயிலானாலும் அடிக்கும். மலிவு. ஆனால் வலுவை மாற்றவேண்டும் என்றால் ஸ்ராண்டடிக்கு நடக்கவேண்டும். ஸ்ரூடியோவில் இது ஒரு பொருட்டில்லை. மண்டபத்தில் ஸ்ராண்ட் இருப்பது சனத்துக்குப் பின்னால், ஏழடி உயரத்தில். மாப்பிள்ளை மணவறைக்குள் ஏறியவுடன் ஒரு ஸ்ரொப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைக்கவேண்டும் என்று தெரிகிறது, நீங்கள் கதிரைகளுக்குள்ளால் நுழைந்து, மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று சொல்லிக்கொண்டு போய், பிளாஷைக் கீழே இறக்கி, பொத்தானை அமத்தி, திரும்பி வரமுதல் கன்னிகாதானம் முடிந்துவிடும். ஒவ்வொரு காலிலும் தனித்தனி ரிசீவர், அதற்குத் தனித்தனிப் பற்றறி, அதில் ஒன்று இறங்கினால் எது இறங்கியது என்று தேடுவது, இதெல்லாம் வேறு.

அடுத்த படி: ரிசீவர் பிளாஷுக்குள்ளேயே இருக்கும், வலுவைக் கமராவில் இருந்து மாற்றலாம், ஆனால் எல்லாம் மனுவல். கொடொக்ஸ் ரிரி 600 உம் ஒரு எக்ஸ்2ரி அல்லது எக்ஸ்புரோ ட்ரிகரும், அல்லது யொங்நுவோ வைஎன் 560 நான்காம் மொடலும் அதற்கான கட்டுப்பாட்டுப் பெட்டியும். ஏ குழு முகத்துக்கு, பி குழு பின்மூலைக்கு. கமராவின் தலையில் இருக்கும் சின்னத் திரையில் ஏ ஐ 1/8 இல் இருந்து 1/16 க்கு இறக்கினால் அங்கே இறங்குகிறது. யாரையும் இடிக்கவேண்டியதில்லை. என்னைக் கேட்டால் தள்ளிவைத்த பிளாஷுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கத் தகுந்த ஒரே வசதி இதுதான், மற்றதெல்லாம் இருந்தால் நல்லது வகை.

மனுவல் என்றவுடன் பயப்படுகிறவர்கள் ஒரு விசயத்தை யோசிப்பதில்லை. மணவறை நகராது. ஸ்ராண்ட் நகராது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் இரண்டு மணித்தியாலம் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். பிளாஷுக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாவிட்டால் வெளிச்சமும் மாறாது. நீங்கள் முன்னுக்குப் போய்க் கிட்ட எடுத்தாலும், பின்னுக்கு வந்து முழு மணவறையை எடுத்தாலும் முகத்தில் விழுவது ஒன்றுதான். முதல் ஐந்து நிமிடத்தில், ஐயர் அக்கினி வளர்க்க ஆயத்தம் செய்யும்போது, தோழனை இருத்தி மூன்று படம் எடுத்து அளவைச் சரிபார்த்துவிட்டால் கடைசி வரைக்கும் தொடவேண்டியதே இல்லை. அல்பம் செய்யும்போது அறுநூறு படத்துக்கும் ஒரே திருத்தம் போடலாம்.

ரிரிஎல்லில் அப்படி இல்லை. அது ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக யோசிக்கும். படத்தில் வெள்ளை வேட்டி கூட வந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும், பொம்பிளையின் கூந்தல் கூட வந்தால் கூட்டும், மணவறைச் சோடனையின் கண்ணாடித்துண்டில் பட்டுத் திரும்பினால் பயந்து ஒரேயடியாக இறக்கிவிடும். ஜரிகை நிறைந்த கூறைச்சேலை அதற்கு ஒரு பெரிய பரீட்சை. ஒரே இடத்தில் நின்று எடுத்த பத்துப் படமும் பத்து விதமாக இருக்கும்.

ஆனால் ரிரிஎல்லைத் தூக்கி எறியவும் மாட்டேன். மாப்பிள்ளை காரால் இறங்கி வாசலுக்கு வருகிறார், உதவியாள் ஒரு தடியில் பிளாஷைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடுகிறார், தூரம் ஒவ்வொரு நொடியும் மாறுகிறது, இங்கே மனுவல் தோற்கும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும் என்ற கணக்கை ஓடும்போது மனதில் போடமுடியாது. எக்ஸ்புரோவில் ரிசிஎம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ரிரிஎல்லில் ஒரு படம் எடுத்து, பிடித்திருந்தால் அந்த வலுவை அப்படியே மனுவலாக மாற்றிப் பூட்டிவிடும். அது உண்மையிலேயே உதவும். விலையைப் பாருங்கள்: வெளிநாட்டு விலையில் ரிரி 600 ஏறக்குறைய 65 டொலர், ரிரிஎல் உள்ள ரிரி 685 அதைவிட இரட்டிப்புக்குக் கிட்ட. இங்கே வந்துசேரும்போது வரியும் கப்பல் கூலியும் கடைக்காரரின் பங்கும் ஏறும், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. ஒரு ரிரிஎல் பிளாஷா, இரண்டு மனுவல் பிளாஷா என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையே எடுப்பேன்.

ரேடியோவிலும் சித்தப்பா பிரச்சினை இல்லாமல் இல்லை. இப்போது இங்கே பாதிப் பேருடைய கையில் ஒரே கம்பனிப் பெட்டிதான், அதில் பாதிப் பேர் பெட்டியில் இருந்து எடுத்தபடியே முதலாம் சனலில் விட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே மண்டபத்துக்குள் வந்தால் ஒருவருடைய பொத்தானுக்கு மற்றவருடைய பிளாஷ் அடிக்கும். ஆனால் இதற்கு மருந்து இருக்கிறது. 32 சனல் இருக்கிறது, புதியவற்றில் 01 இல் இருந்து 99 வரை அடையாள எண்ணும் கொடுக்கலாம். சனலையும் எண்ணையும் மாற்றினால் அடுத்தவரோடு உங்களுக்கு உறவே இல்லை. கண்ணுக்கு இப்படி ஒரு மருந்து கிடையாது. மற்றது, 2.4 கிகாஹேட்ஸ் அலையை மனித உடம்பு நன்றாக உறிஞ்சும். பிளாஷைச் சனத்தின் தலைக்கு மேலே உயர்த்தி வைத்தால் அடிக்காமல் விடுவது குறையும். மாறாக, மிகக் கிட்ட, ஒரு மீற்றருக்குள் வைத்தாலும் கொடொக்ஸ் சிலவேளை அடிக்காது, அதற்கு மெனுவில் 0–30 மீற்றர் என்று மாற்றிவிடவேண்டும். பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோன பிளாஷ்களில் சிலது இதனால்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

வாங்கமுதல் கட்டாயம் பார்க்கவேண்டிய ஒரு பொறி. கனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 போன்ற சில மொடல்களில் பிளாஷ் பூட்டும் தட்டின் நடுவில் அந்தப் பெரிய முள் இல்லை, கம்பனி எடுத்துவிட்டது. வெறும் ட்ரிகர்கள் அந்த முள்ளைத்தான் நம்பியிருக்கின்றன, அந்தக் கமராக்களில் அவை வேலைசெய்யாது. கனனுக்கென்றே செய்த ரிரிஎல் ட்ரிகர்களில் இந்த மொடல்களுக்கு ஒத்துவரும் என்று போட்டிருப்பதை வாங்கவேண்டும், அல்லது பொப்அப்பை வைத்துக்கொண்டு எஸ்2 இல் கண்ணால் அடிக்கவேண்டும். ட்ரிகர் கமராவின் கம்பனிக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். தள்ளி நிற்கும் பிளாஷ் எந்தக் கம்பனிக்குச் செய்ததாக இருந்தாலும் பரவாயில்லை. கொடொக்ஸில் கனன் பிளாஷை நிக்கோன் ட்ரிகரால் அடிக்கலாம். நாளைக்குச் சோனிக்கு மாறினால் ட்ரிகரை மட்டும் மாற்றினால் போதும்.

காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குச் சோடியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு வேறு கணக்கு. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/250 என்றால் அப்பேச்சர் எஃப் 10, எஃப் 11 என்று போய்விடும். சாதாரணப் பிளாஷ் ஒன்று முழு வலுவில், எதுவும் போர்க்காமல், அந்த எஃப் 11 க்கு மூன்றரை மீற்றர் அளவுக்குத்தான் எட்டும். குடை போட்டால் அதில் பாதி. பின்னணியை மங்கவைக்க எஃப் 2.8 வேண்டும் என்றால் ஷட்டர் 1/4000 க்கு ஓடும், அப்போது எச்எஸ்எஸ், அதாவது சிங்க் வேகத்தைத் தாண்டிய ஷட்டரிலும் பிளாஷ் அடிக்கும் முறை, தேவை. எச்எஸ்எஸ்ஸில் பிளாஷ் ஒரே வெடியாக அடிக்காமல் படபடவென்று துண்டு துண்டாக அடிக்கும், அதில் குறைந்தது இரண்டு ஸ்ரொப் வலு போய்விடும். கண் ஸ்லேவாலோ வெறும் ட்ரிகராலோ எச்எஸ்எஸ் முடியாது. கடற்கரைதான் உங்கள் பிழைப்பு என்றால் ஏடி 200 போல 200 வாட்-செக்கன் உள்ள லித்தியம் பிளாஷ் ஒன்றுக்குக் காசு சேருங்கள், அதுவரைக்கும் லென்ஸுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி கண்ணாடி மாட்டிக்கொண்டு 1/250 இலேயே நில்லுங்கள், பிளாஷின் முழு வலுவும் கிடைக்கும். சோளகம் வீசும் மாதங்களில் குடையைத் திறந்தால் ஸ்ராண்டும் குடையும் பிளாஷும் கடலுக்குள் போகும், அதை நான் பார்த்திருக்கிறேன். ஆள் பிடிக்கவேண்டும். நல்லூர்த் தேருக்கு ஸ்ராண்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கால் வைக்கவே இடமிருக்காது.

பற்றறி. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். லித்தியம் பிளாஷ் ஒன்றின் பற்றறி வீட்டில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் கடையில் மாற்று வாங்கமுடியாது; ஏஏ பற்றறி போடும் பிளாஷ் என்றால் எந்தப் பெட்டிக்கடையிலாவது நாலு வாங்கி அன்றைய நாளைச் சமாளிக்கலாம். சாதாரண நாளைக்கு எனலூப் போன்ற, திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் பற்றறிகள் பிளாஷுக்கு இரண்டு செற், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் தடைசெய்த பொருள் பட்டியலில் பற்றறியும் இருந்த ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறைக்குப் பற்றறியைச் சேமிக்கச் சொல்லித்தரத் தேவையில்லை.

முன்னர் சொல்வேன் என்ற அந்த இரண்டாம் வழி. பழைய ஸ்ரூடியோ அலுமாரிகளில் விவிற்றார் 283 போன்ற பிளாஷ்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றை நேரே புதிய கமராவில் பூட்டவேண்டாம். சில பழைய 283 களின் முள்ளில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், 24 வோல்ட்டுக்கு மேலே எதையும் நான் கமராவோடு சேர்க்கமாட்டேன். மல்ரிமீற்றர் இருந்தால் பிளாஷைப் போட்டு முழுதாகச் சார்ஜ் ஏறியபின் நடு முள்ளுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் அளந்து பாருங்கள். மூடியைக் கழற்றி உள்ளே கைவைக்கவேண்டாம், கொண்டென்சர் நிறுத்திய பிறகும் ஆளைத் தூக்கி எறியும். ஆனால் காலில் ஒரு சின்னக் கண் ஸ்லேவைப் பூட்டினால் கமராவுக்கும் அதற்கும் எந்தத் தொடுப்பும் இல்லை, வோல்ட்டைப் பற்றிக் கமரா கவலைப்படத் தேவையில்லை. அந்தக் கண் ஸ்லேவ் உயர் வோல்ட்டைத் தாங்குமா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். குழுப் படத்தில் பின்திரைக்கு வெளிச்சம் போட, அறைக்குள் மூன்றாவது லைட்டாக, இது போதும். ரேடியோ பிளாஷ் இரண்டும் அடிக்கும் வெளிச்சத்தைப் பார்த்து இதுவும் அடிக்கும்.

தம்பிக்குச் சொன்னது: ரிரி 600 இரண்டு, நிக்கோனுக்கான எக்ஸ்புரோ ஒன்று, எனலூப் நாலு செற், உரமான ஸ்ராண்ட் இரண்டு, வெள்ளைக் குடை ஒன்று. ரிரிஎல் பிளாஷ் ஒன்று பிறகு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஆள் வைத்து வேலைசெய்யும் நிலைக்கு வந்தபின். அவனுடைய டி7200 இன் சிஎல்எஸ்ஸை விட்டுவிடச் சொன்னதில் எனக்கே கொஞ்சம் மனக்குறைதான், ஆனால் அவன் படம் எடுக்கப்போவது ஸ்ரூடியோவில் இல்லை. ஸ்ரூடியோவில் என்றால் வைஎன் 560 இரண்டைப் பழையதாக வாங்கி எஸ்1 இல் போட்டுவிட்டு மிச்சக் காசுக்கு நல்ல சொப்ட்பொக்ஸ் வாங்கச் சொல்லியிருப்பேன்.

கொழும்பில் இருந்து பஸ்ஸில் எடுப்பித்தான். போன ஞாயிறு அவனுடைய முதல் கல்யாணம். மாப்பிள்ளை வர அரை மணித்தியாலம் இருக்கும்போது எனக்கு எடுத்தான், குரல் நடுங்குகிறது: "அண்ணை, நான் அமத்தாமலே அடிக்குது." பின்னால் யாரோ பெரியவர் ஒருவர், தம்பி உன்ர லைட் எனக்கு அடிக்குது, என்று சொல்வதும் கேட்டது. சனலை மாற்றடா என்றேன். 19 ஆம் சனல், அடையாள எண்ணுக்குத் தன் வீட்டு இலக்கத்தைப் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.